தெரமினின் இரைச்சலும் கிணற்றடி வாழையும்

எழுபதுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட அரியாலையில், நாலு அறை வீட்டில் நான் ஒருவன் மட்டும் இருந்தேன். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போய் ஒரு வருடம் ஆகவில்லை. தங்கச்சி கலியாணம் முடித்து லண்டனில். கந்தோர் வேலை முடிந்து வந்தால் கதைக்க ஆளில்லை. அதனால் ஒரு பெட்டியைக் கதைக்க வைத்தேன்.

அது தெரமின் என்ற வாத்தியம். தொடாமலே வாசிப்பது. பெட்டியின் மேல் ஒரு கம்பி நிற்கும், பக்கத்தில் ஒரு வளையம். வலக்கை கம்பிக்குக் கிட்டப் போனால் சுருதி ஏறும். இடக்கை வளையத்துக்குக் கிட்டப் போனால் சத்தம் குறையும். நூலகத்துச் சஞ்சிகை ஒன்றில் படத்தைப் பார்த்து, யாழ்ப்பாணம் போய்ப் பழைய றேடியோ வால்வுகள் பொறுக்கி வந்து நானே செய்தது. அதற்கு ஒரு குணம்: கிட்ட யார் வந்தாலும் சுருதி கெட்டுப்போகும். அந்தக் குணம் அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டுக் கிணறு சவர். எங்களுடையது நல்ல தண்ணீர். அதனால் வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வழி, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இருந்தது. அந்த வீட்டு அக்காவும் புருசனும் நாலு பிள்ளைகளும் அதால் வந்துதான் எங்கள் கிணற்றில் குளிப்பார்கள், குடிக்க அள்ளுவார்கள். பொட்டிலிருந்து கிணற்றுக்குப் போகும் பாதை என் அறை யன்னலோடு ஒட்டியது. ஒவ்வொரு வாளிக்கும் என் சுருதி ஒருதரம் ஆடும். பெட்டியை மற்ற அறைக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அம்மா செத்ததில் எனக்கு ஊர் முழுவதன் மேலும் கோபம். அதிலும் அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுவதில் தனிக் கோபம். ஒரு சனிக்கிழமை பின்னிய தென்னங்கிடுகு வைத்துப் பொட்டை இறுக்கிக் கட்டினேன். வாளியோடு வந்த அக்கா கிடுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வைகாசியில் தங்கச்சியின் கடிதம் வந்தது. பிள்ளை பிறந்து மூன்று மாதம், நித்திரையே கொள்ளுதில்லையாம். அம்மா எங்களுக்குப் பாடின தாலாட்டு அவளுக்குப் பாதிதான் ஞாபகமாம். “அண்ணை, நீங்கள் பாடாதேங்கோ, பிள்ளை பயந்துபோம். உங்கடை பெட்டியிலை வாசிச்சு ஒரு கசெற்றிலை அனுப்புங்கோ” என்று எழுதியிருந்தாள். கந்தோரில் என்னோடு வேலை செய்த ஒருவர் அடுத்த வெள்ளிக்கிழமை லண்டன் போக இருந்தார். அவர் கையில் கொடுத்துவிடலாம்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியைப் போட்டேன். இரைந்தது. தகரப் பேணிக்குள் வண்டு அகப்பட்ட மாதிரி, விடாத இரைச்சல். அதற்கு முந்திய ஒரு கிழமையாகவே மெல்லக் கேட்டதுதான். இப்போது தாலாட்டையே விழுங்கியது.

வால்வுகளைக் கழற்றி மாற்றினேன். மின்சாரத்தைச் சீராக்கும் கண்டென்சர் இரண்டையும் புதிதாகப் போட்டேன். ரியூப் லைற்றை அணைத்தேன். பிளக்கைத் திருப்பிச் செருகினேன். சந்தி அரிசி மில்தான் காரணமென்று அதைத் திட்டிக்கொண்டு, மில் பூட்டும் ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்திருந்தேன். ஞாயிறும் இரைந்தது. மில்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

திங்கட்கிழமை தற்செயலாகப் பெட்டியின் அடித்தகட்டில் கை பட்டது. இரைச்சல் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தேன், ஏறியது. மின்னை நிலத்துக்கு இறக்கும் எர்த் கம்பியின் வேலையை என் உடம்பு செய்கிறது என்றால், உண்மையான எர்த் கம்பி வேலை செய்யவில்லை. வாசிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். தகட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க இன்னொரு ஆள் அந்த வீட்டில் இல்லை. காலில் கம்பியைச் சுற்றிக்கொண்டும் நின்று பார்த்தேன். விலங்கு போட்ட கைதி போலிருந்ததே தவிர வேறு பலனில்லை.

பெட்டியிலிருந்து யன்னலால் வெளியே போகும் எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது கிணற்றடி வாழையில் போய் முடிந்தது. அப்பா முதல் றேடியோ வாங்கியபோது அங்கேதான் இரும்புக் குழாயை அடித்துப் புதைத்தார். குளிக்கிற தண்ணீர் எல்லாம் ஓடி வாழைக்குப் போகும், நிலம் எந்நேரமும் ஈரம், எர்த்துக்கு அதைவிட நல்ல இடமில்லை என்பார். குழாயை ஆட்டினேன். ஆடியது. சுற்றிவர மண் புழுதியாகக் கிடந்தது. வாழை இலைகள் தொங்கிவிட்டன.

வெயிலைத்தான் முதலில் குற்றம் சொன்னேன். ஆனால் போன வைகாசியிலும் இதே வெயில்தான், அப்போது இந்த மண் காயவில்லை. போன வைகாசியில் அந்த மண்ணில் ஆறு பேர் குளித்த தண்ணீரும் அம்மா உடுப்புத் தோய்த்த தண்ணீரும் ஓடியது. இப்போது நான் ஊற்றும் நாலு வாளி மட்டும். வாழையடியில் குந்தியிருந்து வெட்கப்பட்டேன். பார்க்க ஒருவரும் இல்லாததால் கொஞ்சம் அழவும் செய்தேன்.

அப்போதும் பொட்டைத் திறக்கவில்லை. ரோசம் விடவில்லை. நானே நாற்பது வாளி அள்ளி ஊற்றினேன், மண்ணில் மின் நன்றாக இறங்கட்டும் என்று குழாயடியில் இரண்டு பிடி உப்பும் போட்டேன். செவ்வாய், புதன் என்று ஊற்ற ஊற்ற இரைச்சல் இறங்கிவந்து, வியாழன் மத்தியானம் இல்லாமலே போனது. கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, றெக்கோடரைப் பெட்டிக்கு முன்னால் வைத்துத் தாலாட்டை வாசித்தேன். துப்புரவாக வந்தது. வெள்ளிக்கிழமை கசெற்றை மிளகாய்த்தூள் பொதிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது.

“பிள்ளை நித்திரை கொள்ளுது அண்ணை. எனக்குத்தான் நித்திரை இல்லை. கசெற்றைத் திருப்பித் திருப்பிக் கேட்டன். கிணத்துத் துலாச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையளின்ரை சத்தம் இல்லை. கிணத்துக் கட்டிலை வாளி வைக்கிற சத்தம் கூட இல்லை. அங்கை ஒருத்தரும் வாறேல்லையோ?”

அன்று பின்னேரமே கிடுகை அறுத்தேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார்.

“அக்கா, பொட்டைத் திறந்துவிட்டிருக்கிறன். தண்ணி அள்ள வாங்கோவன்.”

“இல்லைத் தம்பி, இப்ப கோயில் கிணத்திலைதான் அள்ளுறம். பழகிப்போச்சு.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவர் மற்றப் பக்கம் திரும்பிக் கூட்டத் தொடங்கினார்.

அதன்பின் தினமும் காலையும் மாலையும் வாழைக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். பொட்டு திறந்தே கிடந்தது. ஒவ்வொரு முறையும் வாளியைக் கிணற்றுக் கட்டில் கொஞ்சம் பலமாகவே வைப்பேன், அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று.