நான்காவது துணைத்தேற்றத்தில் ஓட்டை

நெலிடா எட்செவெரி மொந்தெவிதேயோவில் கணிதப் பேராசிரியை. அவரைப் பற்றி மாணவர்கள் இரண்டு சொல்வார்கள்: சிரிக்க மாட்டார், சாக்பீஸைப் பையிலிருந்து எடுக்காமலே கால்சட்டையைத் துவைத்துவிடுவார். இரண்டும் உண்மை.

அவரும் சக பேராசிரியர் அன்செல்மோ பிரிகோலாவும் ஒன்பது வருடம் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எத்தனை உதாரணங்களைப் பார்த்துப் பழகினால், ஒரு இயந்திரம் பார்க்காததைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்? மற்றவர்கள் நினைப்பதைவிடக் குறைவே போதும் என்று நிரூபித்தார்கள். கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டு, அச்சுக்கு வைத்திருந்தது. அன்செல்மோ ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர்கள் கைவிரித்தாயிற்று, கண்ணும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அச்சுப்படி திருத்தும்போதுதான் நெலிடா ஓட்டையைக் கண்டார். அன்செல்மோ எழுதிய துணைத்தேற்றம். உதாரணங்களைப் பார்க்கும் முன்பே, சோதிக்கப்போகும் விதியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மனுஷன் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார். ஆட்டம் முடிந்தபின் பந்தயம் கட்டுகிற கதை. மொத்த நிரூபணமும் படுத்துவிட்டது.

சொல்லாமல் விட்டால் அவர் நிம்மதியாகப் போவார். ஆனால் அவர் பெயர் போட்ட கட்டுரையை அவரைக் கேட்காமல் திரும்ப வாங்க மனம் வரவில்லை. வியாழன் பிற்பகல், அந்த ஊர் மூலிகைத் தேநீரான மாத்தே நிரப்பிய குடுக்கையோடும் வெந்நீர் பிளாஸ்க்கோடும் போனார்.

"அச்சாயிடுச்சா நெலி? இல்ல, நான் செத்தப்புறம் கறுப்புக் கட்டம் கட்டிப் போடலாம்னு இருக்காங்களா?"

"உளறாதய்யா. குடி."

"உன் குரலே சரியில்லையே."

"நாலாவது துணைத்தேற்றம், அன்செல்மோ."

வாசித்துக் காட்டினார். பாதியிலேயே அன்செல்மோ கையை உயர்த்தினார்.

"பார்த்துட்டுத் தேர்ந்தெடுத்திருக்கேன்." குடுக்கை மார்பின்மேல் ஆறிக்கொண்டிருந்தது. "இந்தத் தப்புக்கு எத்தனை பசங்கள ஃபெயில் போட்டிருப்பேன்!"

"நானும்தான அம்பது தடவ படிச்சேன்."

"நீ என்னை நம்பிப் படிச்ச. கட்டுரை வேணாம்னு எழுது. தப்பு என்னுது மட்டும்னு எழுது. ஒரு வார்த்தை மாத்தின, ஆவியா வந்து உன் கரும்பலகையெல்லாம் அழிப்பேன்."

நெலிடா எழுதினார்.

"வாசி."

"'தவறு அன்செல்மோ பிரிகோலாவுடையது மட்டுமே,'" என்று வாசித்தார் நெலிடா. தாளில் இருந்தது, 'தவறு எங்கள் இருவருடையது.'

"நல்லா எழுதியிருக்க," என்றார் அன்செல்மோ. "அனுப்பு."

வெள்ளிக்கிழமை கடிதம் போனது. ஞாயிற்றுக்கிழமை அவர்.