பத்துக்கு விடை என்று பெயர்

"கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் சுவத்துல நா எழுதுன ஒரு எழுத்தக்கூட தப்புன்னு யாரும் அழிச்சது கெடையாது" என்பது சுவர் எழுதும் சுப்புராயனின் பிரகடனம். தேர்தல் வந்ததும் சுண்ணாம்பு பூசப்பட்ட நானூறு சுவர்களை அவர் இதில் சேர்ப்பதில்லை. அவை சட்டத்துக்காக அழிக்கப்பட்டவை, தப்புக்காக அல்ல.

பத்தாம் வகுப்புக் கணக்கில் அவருக்குப் பதினெட்டு மதிப்பெண். "அதுவும் படம் அழகா இருந்துச்சேன்னு போட்டது" என்று அவரே சொல்வார். அப்பேர்ப்பட்டவருக்குச் சிதம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில், ஏழாம் வகுப்புச் சுவரில் சமன்பாடு எழுதும் வேலை வந்தது. கணக்கு டீச்சர் இசைவாணி தாளில் எழுதித் தந்திருந்தார்: 7x − 4 = 10. ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி. ஏழு, கெழு. x, மாறி. கழித்தல் நான்கு, மாறிலி. பத்து, அதுவும் மாறிலி.

சுப்புராயன் பிரஷ்ஷை நிறுத்தினார். ஒரே பெயர் இரண்டு இடத்திலா? பாவம், டீச்சர் அவசரத்தில் எழுதிவிட்டார். சமக்குறிக்கு அந்தப் பக்கம் இருப்பது விடை என்று பதினெட்டு வாங்கியவனுக்கே தெரியுமே. டீச்சரின் மானத்தைக் காப்பாற்றும் பெருந்தன்மையோடு, பத்தின் கீழே 'விடை' என்று சிவப்பு எனாமலில் நிழல் கொடுத்து எழுதினார்.

சாயங்காலம் இசைவாணி வந்து பார்த்தார்.

"அண்ணே, பத்தா விடை?"

"பின்ன? உங்க தாள்ல இருந்த தப்ப நானே திருத்திட்டேன் டீச்சர். வெளிய சொல்லமாட்டேன்."

"பெரிய மனசுண்ணே. அந்தப் பத்த x இருக்கிற எடத்துல போடுங்க, பாப்போம்."

சுப்புராயன் தரையில் சாக்பீசால் போட்டார். ஏழு பத்து எழுபது. நான்கு போனால் அறுபத்தாறு. மறுபடியும் போட்டார். அறுபத்தாறு அசைந்து கொடுக்கவில்லை.

"இப்ப ரெண்ட போடுங்க."

பதினான்கில் நான்கு போய், பத்து வந்தது.

"ரெண்டுதாண்ணே விடை. இந்தப் பத்து, x எதுவா இருந்தாலும் மாறாம நிக்கிற ஆளு."

"எனக்குப் பதினெட்டு போட்டவரு தர்மப்பிரபு, டீச்சர்."

இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுப்புராயனின் பிரகடனத்தை அவரும் கேட்டிருக்கிறார். "அழிக்கவேணாம்ணே. மேல ஒரு சார்ட்ட ஒட்டிக்கிறேன். யாருக்கும் தெரியாது."

சட்டப்படி சரிதான். மறைப்பது அழிப்பதாகாது. சுப்புராயன் அந்த யோசனையை வெகு ஆசையோடு பார்த்தார். ஆனால் சார்ட் என்றைக்காவது உரிந்தால், ஏழாம் வகுப்பு மொத்தமும் பரீட்சையில் பத்தை விடை என்று எழுதி வைக்கும். அவருக்காவது படத்துக்குப் பதினெட்டு கிடைத்தது.

டீச்சர் வகுப்பைப் பூட்டச் சாவி எடுக்க ஆபீஸ் பக்கம் போனதும், பழந்துணியைத் தின்னரில் நனைத்து 'விடை'யைத் துடைக்க ஆரம்பித்தார்.