ஆறு படிவங்கள்

குடியேறிகள் நிறைந்த வெக்ஸ்போர்ட் வட்டாரத்தில் வழக்கறிஞர் கென்ஜி ஒனோவின் அலுவலகத்தில் கோணேஸ்வரி பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். ஒனோ ஜப்பானிய வம்சம். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் என்பதற்காக அரசு பறித்த பாட்டனாரின் மீன்பிடிப் படகு திரும்பவே இல்லை என்று கேட்டு வளர்ந்து, சட்டம் படித்தவர். அகதிகளுக்காகவும் வாடகைக்குக் குடியிருப்போருக்காகவும் வாதாடியே தலை நரைத்தது. இப்போது நகரசபைத் தேர்தலில் நிற்கிறார். வழக்குகளை வேறொருவரிடம் ஒப்படைத்தாயிற்று. வேட்புமனு எடுபடாவிட்டால் அவருக்கும், கூடவே தேர்தல் வேலைக்கு வந்துவிட்ட கோணேஸ்வரிக்கும் திரும்பிப் போக இடமில்லை.

அந்த மனுவை ஆதரித்து இருபத்தைந்து வாக்காளர் ஆளுக்கொரு படிவத்தில் கையெழுத்திட்டுத் தரவேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிதான் கெடு.

அன்று பதினொரு மணிக்குத்தான், ஒனோ வாதாடி வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்த குஞ்சித்தம்பி படிவங்களைக் கொண்டுவந்தார். கோணேஸ்வரி எண்ணினாள். சரி. பிறகு உற்றுப் பார்த்தாள். ஆறு படிவங்களில் ஒரே சாய்வு எழுத்து.

"அண்ணை, உந்தக் கையெழுத்து ஆர் வைச்சது?"

"நான்தான். மனிசி, பெடியள், மருமக்கள் எண்டு ஆறு பேருக்கும். அர்ச்சனைக்கு எல்லாற்ற பேரும் நான்தானே குடுக்கிறனான்? ஐயர் ஒருநாளும் கேட்டதில்லை."

"இது கோயிலில்லை அண்ணை, தேர்தல்!"

"அவையளுக்கு விருப்பம்தான் பிள்ளை. கேட்டுப்பாரும்."

அப்படியே கொடுத்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பக்கத்திலிருந்த ஒனோ ஆறையும் கிழித்தார். "மற்றவைக்காகக் கையெழுத்து வைக்காதேங்கோ எண்டு இருபது வருசமாச் சொல்லுறன்," என்றார், தம்மிடம் வந்த தமிழர்களிடம் கேட்டுப் பழகிய தமிழில்.

வெற்றுப் படிவங்களோடு மூவரும் குஞ்சித்தம்பியின் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஓடினார்கள். மகன்மாரும் மருமக்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். கோணேஸ்வரி கதவு கதவாகத் தட்டினாள். ஒரு வீட்டில் ஆளில்லை; அடுத்ததில் இருந்தவருக்குக் குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. மூன்றாவது வீட்டு ஜெஸீமா தானும் கையெழுத்து வைத்து, தூங்கிய மாமியாரையும் எழுப்பி வைப்பித்தாள். பிறகு இன்னும் மூன்று பேர் வைத்தார்கள்; ஐந்தாயிற்று. மணி ஒன்று.

ஆறாவதுக்கு மிஞ்சியவர், வீட்டிலிருந்த குஞ்சித்தம்பியின் மனைவி பேரின்பம். மூக்குக்கண்ணாடியைத் தேடவே ஐந்து நிமிடம் போனது. அவர் படிவத்தில் இடம் தேட, குஞ்சித்தம்பி பேனையைப் பிடிக்கப் போனார்.

"அண்ணை, கையை எடுங்கோ!" என்றாள் கோணேஸ்வரி.

"ஐம்பது வருசமா எனக்கும் சேர்த்துக் கதைச்சது போதும்," என்றார் பேரின்பம். "இதை நான் வைக்கிறன்."

ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். முடித்ததும் கோணேஸ்வரி படிவத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு நகரசபைத் தேர்தல் மேசையில் படிவங்களை வைத்தார்கள். அங்கிருந்த பெண் இருமுறை எண்ணி, முத்திரை குத்தினாள்.

வெளியே வந்ததும் ஒனோ ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தைக் குஞ்சித்தம்பியிடம் நீட்டினார்.

"அண்ணை, நாளைக்கு வீடு வீடாப் போய்க் குடுங்கோ. பேனை மட்டும் கொண்டுபோகாதேங்கோ."