நாக்கைத் தூக்கு

இன்று காலை திருவொற்றியூர் தேரடி இட்லிக் கடையில், சாப்பிடும் முன் போடவேண்டிய சர்க்கரை மாத்திரையை எடுத்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று மறுபடி பைக்குள் வைத்தேன்.

"இன்னா நர்ஸக்கா, டபாய்க்கிற?"

இட்லி வைக்க வந்தவளை நிமிர்ந்து பார்த்தால், செல்வி!

மனநலக் காப்பகத்தில் நான் நர்ஸாக இருந்தபோது, எண்ணூர் பிளாட்பாரத்தில் கிடந்தவளைக் கூட்டி வந்தோம். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, ஜன்னல் வழியே துப்புவாள். முதல் மாதம் முழுக்க மருந்து சாப்பிட்டது கீழே நின்ற செம்பருத்திதான். அது தெரிந்தபின் தினமும் அவள் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

"நீ ஒயுங்கா போடுறியா?" என்றேன்.

"நான் போட்டுகினுதான் கீறேன். நீ போடு."

போட்டேன்.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு."

என் வசனம், என் அதட்டலோடு. கடையே பார்க்கத் தூக்கிக் காட்டினேன்.

காப்பகத்தில் இன்னும் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள், அந்தச் செம்பருத்தி இப்போது எப்படி இருக்கிறது?