புரூஜ் நகரில் ஒரு நாளும் ஒரு பிஸ்கட் ரின்னும்

எங்கள் மூத்த மகனுக்குக் கடந்த மே மாதம் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் கலியாணம். பெண் அங்கே பிறந்து வளர்ந்தவள். கலியாணம் சனிக்கிழமை. மகனும் மற்றச் சொந்தங்களும் வெள்ளிக்கிழமை வருவார்கள். நானும் என் மனைவி வசந்தியும் மட்டும் மூன்று நாள் முந்தி ரொறன்ரோவிலிருந்து பிரசல்ஸுக்குப் பறந்தோம். முப்பத்தொரு வருடம் ஸ்காபரோவில் குப்பை கொட்டியாயிற்று, கலியாண வீட்டு அமளி தொடங்க முதல் எனக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று வசந்தி கேட்டாள். படங்களில் பார்த்த வாய்க்கால்களும் கல் பாலங்களும் உள்ள பழைய நகரம் ஒன்று வேண்டும் என்றாள். பெல்ஜியத்தின் புரூஜ் அப்படித்தான் எங்கள் பட்டியலுக்கு வந்தது.

இதே பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாலிக்கொடியோடு சுற்றுலா போகாதீர்கள். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பொன்னுருக்கல் இரண்டு வாரம் முந்தி ஸ்காபரோ அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டில் நடந்தது. நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளையையும் சபையையும் இருத்தி, தங்க நாணயத்தைப் பத்தர் உருக்கி, அந்தப் பொன்னிலேதான் தாலி செய்தார். தொலைந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம்தான். ஆனால் அது அந்தப் பொன் ஆகாது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பிரசல்ஸில் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறைக்குக் கோப்பி எடுக்கப் போனேன். அங்கே இருந்த பெண், என் இடுப்புப் பையைப் பார்த்து, ஸ்டேஷன் பக்கம் பிக்பொக்கெட்காரர் கூடுதலாக இருக்கிறார்கள், இந்த மாதிரிப் பைதான் அவர்களுக்கு முதலில் கண்ணில் படும் என்றாள். தாலிக்கொடி அந்தப் பைக்குள்தான் இருந்தது. அறையில் இருந்த பாதுகாப்புப் பெட்டியோ பூட்டுப்படவில்லை.

வசந்தி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு வேலை செய்தேன். சம்பந்தி வீட்டுக்கென்று அவள் சுட்டுக் கொண்டுவந்த, தட்டை மாதிரி மொறுமொறுப்பான பருத்தித்துறை வடை ஒரு நீல நிற பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தது. பிஸ்கட் முடிந்தபிறகும் நம் வீடுகளில் ஆயுள் முடியாத தகரப் பெட்டி அது. வடைகளை வெளியே எடுத்து, தாலிக்கொடிப் பெட்டியை அடியில் வைத்து, மேலே எண்ணெய்த்தாள் விரித்து, வடைகளைப் பழையபடி அடுக்கினேன். வடை ரின்னை எந்தக் கள்ளன் பார்க்கப் போகிறான்? வசந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் தாலியைத் தின்கிற சாமானோடு வைப்பதா என்று சண்டை வரும். அதைவிட, நாள் முழுக்க அவள் கண் ரின்னிலேயே இருக்கும், பார்க்கிறவனுக்கு விளங்கிவிடும். இப்படியெல்லாம் என்னுடைய கெட்டித்தனம்.

பிரசல்ஸ் மிடி நிலையத்தில் ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் ரயில். ஒரு மணி நேர ஓட்டம். ரின்னையும் தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் துணிப்பை ஒன்றில் போட்டு வசந்தி மடியில் வைத்திருந்தாள்.

"அதை எங்கை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள்.

"பத்திரமா இருக்கு" என்று இடுப்புப் பையைத் தட்டிக் காட்டினேன். உள்ளே என் பிரஷர் குளிசையும் ஒரு சோடிக் காலுறையும் இருந்தன.

புரூஜ் நிலையத்திலிருந்து நகரின் நடுச் சதுக்கத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை. பஸ் எடுக்காதீர்கள். மின்னவாட்டர் ஏரிக்கரையால் நடந்தால் அன்னப்பறவைகள், செங்கல் வீடுகள், ஒரு பழைய கன்னியர் மடத்து முற்றம் என்று வழியெல்லாம் பார்க்க இருக்கிறது. வசந்தி ஒவ்வொரு பாலத்திலும் நின்று படம் எடுத்தாள். நான் துணிப்பையையே பார்த்துக்கொண்டு போனேன். குதிரை வண்டி ஒன்று உரசிக்கொண்டு போனதும் பாய்ந்து பையைப் பிடித்தேன். "என்னைப் பிடியாமல் வடையைப் பிடிக்கிறியள்" என்று சிரித்தாள்.

சதுக்கத்து மணிக்கோபுரத்துக்கு 366 படி. நாங்கள் போனபோது ஆளுக்கு 16 யூரோ, நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். படி ஒடுக்கம், ஏறுகிறவருக்கும் இறங்குகிறவருக்கும் ஒரே வழிதான். எனக்கு முழங்கால் நோவு என்று பொய் சொல்லி, பையோடு கீழே இருந்தேன். அவள் தனியே ஏறி முக்கால் மணி நேரம் கழித்து முகம் சிவக்க இறங்கி வந்தாள். கடல் வரைக்கும் தெரியுது, நீங்களும் வந்திருக்கலாம் என்றாள். இன்றைக்கும் அந்தக் கோபுரத்தை நான் கீழிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மதியம் ஒன்றேகாலுக்குப் படகுத்துறைக்கு வந்தோம். அரை மணி நேரச் சவாரி, ஆளுக்கு 15 யூரோ. வரிசை நீளம். வசந்தி வாய்க்கால் ஓரத்தில், நாலு பேர் அமரக்கூடிய மர வாங்கில் இருக்க, நான் சீட்டு வாங்கப் போனேன். பக்கத்துக் கழிப்பறைக்கும் போய் வந்தேன். இருபது நிமிடம்தான்.

படகு கிளம்பியது. ஓட்டுநர் மூன்று மொழியில் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் வசந்தியின் மடியில் துணிப்பைக்குள் குடையும் போத்தலும் மட்டும் கிடப்பதைக் கண்டேன்.

"ரின் எங்கை?"

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"எங்கடை தம்பி ஒருத்தன். ஏதோ ரெஸ்ரோரண்டிலை குசினி வேலையாம். சிகரெட் பத்த வந்தவன், என்னைக் கண்டிட்டு அக்கா யாழ்ப்பாணமோ எண்டு கேட்டான். பருத்தித்துறை வடை சாப்பிட்டு ஆறு வருசமாம். பாவமாக் கிடந்தது. ரின்னோடை குடுத்திட்டன். சம்பந்தி வீட்டிலை என்ன, வடையே இல்லை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டுநர் பாலம் வருகிறது, தலையைக் குனியுங்கள் என்றார். எல்லோரும் குனிந்தார்கள். வசந்தி பாலம் போனபிறகும் நிமிரவில்லை. மிச்சம் இருபத்திரண்டு நிமிடம், இறங்க முடியாத படகு. அந்த வாய்க்கால் ஐரோப்பாவின் அழகான இடங்களில் ஒன்று என்கிறார்கள். எனக்குத் தண்ணீர் மட்டும்தான் ஞாபகம்.

கரை ஏறியதும் கேட்டேன்: "பேர் என்ன அவனுக்கு?"

அவளுக்குத் தெரியாது. அவன் ஊர் புங்குடுதீவு என்று தெரியும். எத்தனையாம் வட்டாரம், எந்தப் பள்ளிக்கூடம், தகப்பன் கொழும்பில் கடை வைத்திருந்தது, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில் இருப்பது எல்லாம் தெரியும். பெயரும் வேலை செய்யும் கடையும் தெரியாது. நானாக இருந்தாலும் ஊரைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம் அலைந்தோம். உணவகங்களின் முன்வாசலில் கேட்டோம், பின்பக்கக் குசினிக் கதவுகளைத் தட்டினோம். இலங்கையரா, இல்லை என்ற பதில்தான். பொலிசுக்குப் போவோம் என்றேன்.

வசந்தி என்னை மறித்தாள். "போய் என்னெண்டு சொல்லப் போறியள்? நானாக் கையிலை குடுத்த சாமானுக்கு அவனைக் கள்ளன் எண்டு சொல்லப் போறியளோ? அவன்ரை விசா என்ன மாதிரியோ."

"அப்ப சனிக்கிழமை என்ன செய்யிறது?"

"அந்த வாங்கடிக்குப் போவம். திருப்பித் தாறவன் வாங்கின இடத்துக்குத்தான் வருவான்."

எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு யோசனையும் இல்லை. நாலு மணி கடந்து படகுத்துறைக்கு வந்தோம்.

அவர் வாங்கில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளை ஏப்ரனோடு, மடியில் நீல ரின், இரண்டு கையும் மூடிமேல். எங்களைக் கண்டதும் எழும்பினார்.

"அக்கா, மூண்டு மணியிலையிருந்து இருக்கிறன். எங்கை போனனீங்கள்?"

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து, குசினியில் எல்லோருக்கும் வடையைப் பிரித்துக் கொடுக்கும்போது தாளுக்கு அடியில் பெட்டியைக் கண்டாராம். திறந்து என்னவென்று விளங்கியதும் மூடிவிட்டு ஓடி வந்திருக்கிறார். பின்னேர வேலைக்கு மூன்றரைக்கே நிற்க வேண்டியவர். முதலாளி இரண்டு தரம் போன் எடுத்துவிட்டாராம்.

"அண்ணை, ஒருக்காப் பாருங்கோ. வடை சாப்பிட்ட எச்சில் கை. பெட்டியைத் திறந்தது நான்தான், ஆனா கொடியிலை கை வைக்கேல்லை."

பார்த்தேன். இருந்தது. பெட்டியை அவர்தான் மூடித் தந்தார். பணம் நீட்டினேன், பின்வாங்கிவிட்டார். கலியாணத்துக்கு வாரும் என்றேன், லீவு இல்லை என்றார். வசந்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, உம்முடைய பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னார். நான் பயணம் எழுதுகிறவன் என்றதும், அதை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மிச்ச வடையை ரின்னோடு எடுத்துக்கொண்டு ஓட்டமாகப் போனார்.

திரும்பும் ரயிலில் வசந்தி பெட்டியைத் தன் மடியில் வைத்திருந்தாள். "முப்பது வருசமா உங்களோடை இருக்கிறன். ஒரு ரின்னை நம்பினியள்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இப்போது வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், காலை பத்துக்கு முதல் போய்ச் சேருங்கள். கல் பதித்த வீதிகள், நல்ல சப்பாத்து வேண்டும். கழிப்பறைக்குச் சில்லறை வைத்திருங்கள். உணவகங்களின் பின்கதவுகளில் நம்மவரைக் கண்டால் ஊரோடு பெயரையும் கேளுங்கள். எதை எங்கே ஒளித்தீர்கள் என்று கூட வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு மகன் தாலி கட்டினான். வசந்தி மஞ்சள் தண்ணீரில் இரண்டு தரம் கழுவியும் கொடியில் லேசாக வடை வாசம் இருந்தது என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், பாஸ்போர்ட் இரண்டையும் எங்கே வைத்திருக்கிறீர் என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்கு" என்று வசந்தி கைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.