சொல்லாமல் வந்த மழை

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில், ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கண்காட்சிப் போட்டிக்காக வீடியோ கேம் ஒன்று செய்தோம். தலைவன் ஈப்போக்காரன். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தான், அதனாலேயே தலைவன். படம் வரைந்தவன் கோப்பெங்கிலிருந்து வந்தவன். மிச்சமிருந்த சத்தத்தை என் தலையில் கட்டினார்கள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண்ணுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

விளையாட்டின் கதை மட்டும் என்னுடையது. ஒரு பெண் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடி ஓடி, மரத்தில் கட்டிய மங்குகளில் நிறைந்திருக்கும் பாலை வாளியில் சேர்க்க வேண்டும். மழை வந்துவிட்டால் பாலில் தண்ணீர் கலந்து எல்லாம் பாழ். இதில் ஒரு சூட்சுமம் வைத்தேன். மழை திரையில் தெரிவதற்கு முன்பே காதில் விழும். ரப்பர் காட்டில் அப்படித்தான். எங்கோ தூரத்து இலைகளில் ஆரம்பித்து, நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கும். கேட்டவுடன் வாளியோடு ஓடினால் கொஞ்சம் பாலாவது தப்பும்.

மழையை ரசிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். எங்கள் வீட்டில் மழை என்றால், ரப்பர் பால் எடுக்கும் அம்மாவுக்கு அன்றைய சம்பளம் போச்சு என்று அர்த்தம். சாப்பிடும்போது தூரத்தில் இடி உறுமினால்கூட அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிடும். அந்தப் பயத்தை ஈப்போக்காரர்கள் ஒரு தடவையாவது காதால் கேட்டு ஓட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பரிசைப் பற்றியெல்லாம் நான் நினைக்கவே இல்லை.

ஆனால் அந்த மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் 'பீப்' ஒன்றுதான். அதிலும் சத்தம் வரும்போது படம் நின்றுவிடும், படம் நகர்ந்தால் சத்தம் நின்றுவிடும். நான் நீளமாக மழையைப் போட்டுப் பார்த்த ஒவ்வொரு தடவையும், அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். தலைவனுக்குச் சிரிப்பு தாங்காது.

"விடு லா. சத்தம் இல்லாட்டியும் கேம் ஓடும்."

மழை நீளமாக ஆரம்பிப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவள் எடுத்து வைக்கும் அடிகளுக்கு நடுவே 'டக்' என்று மிகச் சிறிய சத்தங்களைச் செருகினேன், முதலில் விட்டு விட்டு, பிறகு நெருக்கமாக, ஒழுங்கே இல்லாமல். இந்த முறை அவள் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எழுந்து ஓடப் பார்த்தேன். யாரும் இல்லாத லேப்பில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதது அந்தத் தடவை மட்டும்தான்.

கண்காட்சிக்கு அம்மாவை அழைத்துவர முந்தின நாளே தோட்டத்துக்கு, எங்கள் தீம்பாருக்கு, போய்விட்டேன். அம்மா வேலைக்குப் போகாமல், தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது எங்கள் மேசையைச் சுற்றிப் பள்ளி மாணவர்கள் நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டரை இணைத்திருந்த டிவியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. யாரோ குறைத்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, குமிழைக் கடைசிவரை திருகினேன். வெறும் இரைச்சல்தான் வந்தது.

"மெமரி பத்தல" என்றான் தலைவன். "சத்தத்த எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"முகப்புப் படம் வேணும்னு சார் சொல்லிட்டாரு லா. காலேஜ் சின்னம், நம்ம பேரு எல்லாம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உங்க தீம்பார்ல போன் ஏது? எப்படிக் கேக்கிறது?" அவன் குரலில் கள்ளம் இல்லை. "கோவப்படாத. உன் பேரும் பெருசா இருக்கு, பாரு."

இருந்தது. 'ஒலி' என்று ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் என் பெயர். என் பெயருக்கு இடம் வேண்டும் என்றுதான் என் மழையை எடுத்திருக்கிறார்கள். கேமைப் பதிந்து வைத்திருந்த பழைய கேசட் எங்கே என்று கேட்டேன். அதன் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டானாம். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"என்னா கேம் இது? சொல்லாம கொள்ளாம மழை வருது" என்று ஒரு மாணவன் அலுத்துக்கொள்ள, கூட்டம் அடுத்த மேசைக்குப் போய்விட்டது. அவன் சொன்னது சரிதான். காதுக்கு எதுவும் சொல்லாமல் தலையில் கொட்டுகிற மழையில் யார் தப்பிக்க முடியும்? அது விளையாட்டே இல்லை, ஏமாற்று.

ஆளில்லாத மேசைக்கு அம்மா மெதுவாக வந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, டிவியைக் குனிந்து பார்த்தாள்.

"பாப்பா, இதுல நீ செஞ்சது எது?"

எதைக் காட்டுவது? அங்கே நான் செய்தது எதுவுமே இல்லை. திரையில் நீலக் கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அது கோப்பெங்காரன் வரைந்தது.

"மழைம்மா" என்றேன்.

அம்மா அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அழகா இருக்கு பாப்பா" என்றாள். "மழையப் பாத்து எனக்குப் பயம் வராதது இன்னிக்குத்தான்."