பந்தல்காரருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது!

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தங்கை வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"மச்சான்! நம்ம தர்ஷினி பெரிய மனுசி ஆயிட்டா. தாய்மாமன் நீங்க இல்லாம சடங்கு ஏது? ஒடனே வாங்க."

பதுளையிலிருந்து பஸ் ஏறினேன். லுணுகலையில் இறங்கினால், பேக்கரிக்காரர் வாழ்த்துச் சொல்கிறார். ஆட்டோக்காரர் சொல்கிறார். தேயிலைத் தோட்டத்து லயன் வாசலில் பந்தல்காரர் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். மச்சான் பிளெக்ஸ் அடிக்கப் படம் தேடுகிறார்!

பிள்ளை எங்கே? காம்பரா அறையின் மூலையில், சேலை மறைப்புக்குப் பின்னால். பன்னிரண்டு வயது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை பதுளையில் பாடசாலைகளுக்கான வலய விளையாட்டுப் போட்டி. அவள் நீளம் பாய்தலுக்குத் தெரிவாகியிருந்தாள்.

"பதினாறு நாளைக்கு வாசப்படி தாண்டக் கூடாதுண்ணே," என்றாள் தங்கை. "அடுத்த வருசம் பாயட்டும்."

மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாமா... இது மாசாமாசம் வருமாமே? அப்ப மாசாமாசம் பதினாறு நாள் உள்ளுக்குத்தானா? நான் எப்பதான் ஸ்கூல் போறது?"

மச்சான் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, பிள்ளைகிட்ட நீ ஒண்ணுமே சொல்லலியா?"

"அதெல்லாம் ஸ்கூல்ல சொல்லுவாங்கதானேண்ணே."

"டீச்சர் அந்தப் பாடத்த வீட்டுல வாசிச்சுக்கச் சொல்லிட்டாங்க," என்றது மறைப்பு. "எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ அறுந்துபோச்சுன்னு நெனச்சேன்."

யோசித்துப் பாருங்கள். ஊரைக் கூட்டி, பாட்டுப் போட்டு, பிளெக்ஸ் அடித்துச் சொல்லும் விஷயத்தை — அது யாருடைய உடம்போ அவளிடம் மட்டும் சொல்ல நமக்கு வெட்கம்! பையன்கள் கதை மட்டும் என்ன? தொண்டை கரகரத்தால் "தவளை" என்று கேலி, பரு வந்தால் "யாருடா அந்தப் பொண்ணு?" ஹார்மோன் என்று ஒன்று உள்ளே வேலை செய்கிறது என்று யாராவது சொல்கிறோமா?

"பிள்ளை வெள்ளிக்கிழமை பாயணும். இல்லாட்டி இந்தத் தாய்மாமன் சடங்குக்கு வரமாட்டான்," என்றேன்.

மச்சானுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தாய்மாமன் இல்லாத சடங்கா? மானம் போய்விடாதா?

தங்கை எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அரைமணி நேரம் உள்ளே குசுகுசுப்பு. நடுவில் ஒரு சிரிப்பும் கேட்டது. கதவு திறந்தபோது தங்கையின் கண்கள்தான் சிவந்திருந்தன.

"போகட்டும்ணே. ஆனா நானும் வருவேன். கையில இரும்பு இல்லாம அனுப்ப மாட்டேன், காத்து கருப்பு பட்டுரும்."

சரி, வாழ்க! உடையில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு பாய்ந்தாள் தர்ஷினி. நாலாம் இடம். பரிசு இல்லை, அழுகையும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் வேடிக்கை. கூடப் பாய்ந்த மூன்று பிள்ளைகள் தங்கையைச் சுற்றிக்கொண்டார்கள். "ஆன்ட்டி, ஏன் வயிறு வலிக்குது?" "ஆன்ட்டி, தலைக்குக் குளிக்கலாமா?" "ஆன்ட்டி, எனக்கு மட்டும் ஏன் இன்னும் வரல?" லுணுகலை வரும்வரை தங்கை தாழ்ந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முன் சீட்டில் நான் — அவ்வளவு தூரம் வாயைத் திறக்காமல் வந்தேன், நம்புங்கள்!